நாகஜோதி உக்காந்த இடம்

தெருவோட ரெண்டு முனையிலயும் தகரம் அடைச்சு, அடைச்ச தகரத்துல நோட்டீஸ் ஒட்டி, ஒட்டின நோட்டீஸை மூணாம் நாளே ஆடு தின்னு தீர்த்த அந்த வருசத்துலதான், பஞ்சவர்ணம் வீட்டு மூலையில, அவ மக நாகஜோதி உக்காந்த இடத்துல, ஊத்து வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க. தண்ணி வந்தா ஏன் வந்துச்சுன்னு எங்க ஊர்ல எவளும் கேக்க மாட்டா, குடம் எங்கன்னுதான் கேப்பா. நானும் அப்படித்தான் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இப்ப வாயைத் திறக்குறேன், இல்லாட்டி எனக்கு வேற வேலை இல்லையா என்ன.

என் பேரு ராக்கு. ஆத்து ஊத்துல வரிசை பாக்குறவ. எங்க ஊருக் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. ஆத்துல தண்ணி ஓடி நான் பாத்ததே நாலு தடவைதான். ஆனா மணலை இடுப்பளவு தோண்டினா அடியில நல்ல தண்ணி கசியும், அதைச் சிரட்டையில மெள்ள மெள்ள அள்ளி, கலங்காம குடத்துல ஊத்தணும், ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அதனால குடங்களை வரிசையா வைப்போம். வரிசைன்னா சண்டை வரும், சண்டை வந்தா நான் வருவேன். நான் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு, முறை வரும்போது ஆளு இல்லைன்னா குடம் கடைசிக்குப் போகும். மாமியா விழுந்துட்டான்னு ஓடினவ குடத்தைக்கூடக் கடைசிக்குத் தள்ளியிருக்கேன். ராக்குவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுன்னு பேசுவாளுக. பேசட்டும், வரிசை ஒழுங்கா நடந்துச்சுல்ல.

அந்த வருசம் தெருவுல ரெண்டு பேரை ஆம்புலன்ஸ் ஏத்திட்டுப் போனதும், மறுநாளே தகரம் வந்துச்சு, தகரத்துக்குப் பின்னால பிளீச்சிங் பவுடர் வந்துச்சு, அதுக்குப் பின்னால கபசுரக் குடிநீர் வாளி வாளியா வந்துச்சு, ஆனா குடிக்கிற தண்ணி மட்டும் வரலை. ஆத்துக்குப் போற பாதை தகரத்துக்கு அந்தப் பக்கம். விலைத் தண்ணி வண்டிக்காரன் தகரத்தைக் கண்டதும் வண்டியைத் திருப்பினவன்தான், ஆளையே காணோம். என் வீட்டுக்காரர் திருப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. வெளியூர்ல படிச்ச பிள்ளைக மட்டும் அதுக்கு முன்னாடியே பெட்டியும் படுக்கையுமா ஹாஸ்டல்ல இருந்து வந்து சேந்துருச்சுக. எங்க தெருவுல அப்படி அஞ்சு பிள்ளைக.

அதுல நாகஜோதி மதுரையில பி.எஸ்சி. கணக்கு, ரெண்டாம் வருசம். பத்து நாள் லீவுன்னு சொல்லி ஒத்தைப் பையோட வந்தவ. வந்த புதுசுல அவ சிரிப்புச் சத்தம் செவுத்தைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் கேக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தியும், கூட இருக்குற பிள்ளை குறட்டை விடுறதைப் பத்தியும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அப்புறம் ஒருநாள் அது நின்னு போச்சு. நான் கவனிக்கலை. எல்லார் வீட்டுலயும்தான் சிரிப்பு நின்னு போயிருந்துச்சு, இது மட்டும் தனியா எனக்கு எப்படித் தெரியும்?

அவுக வீட்டுல ஒரே ஒரு போன். அவளுக்கும் தம்பி முகிலனுக்கும் அதுலதான் பாடம். டவர் கிடைக்கிறதோ ஒரே ஒரு மூலையில, என் வீட்டுக்கும் அவுக வீட்டுக்கும் பொதுச்செவுரு இருக்கே, அதை ஒட்டி. பாடம் இருந்தாலும் இல்லாட்டியும் ஜோதி அந்த மூலையிலயே கெடப்பா. காலையில உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. ஒருநாள் பஞ்சவர்ணம் வந்து என் வாசல்ல நின்னு கத்துறா.

"மதினி, ஒங்க வீட்டு அங்கணத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஊறுது. கொஞ்சம் பாத்துப் புழங்கக் கூடாதா?"

"ஏடி, குடிக்கவே தண்ணியக் காணோம், நான் அங்கணத்துல பாத்திரம் கழுவி ஊத்தி ஒன் வீட்டை நனைக்கிறேனாக்கும்?"

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கிட்டு ரெண்டு பேரும் வகை வகையா வஞ்சுக்கிட்டோம். அப்புறம் உள்ள போய்ப் பாத்தேன். ஜோதி உக்காந்திருந்த இடத்துல சிமிட்டித் தரை ஒரு முழம் நீளத்துக்கு விரிசல் விட்டு, விரிசலுக்குள்ள இருந்து தண்ணி சத்தமில்லாம வந்துக்கிட்டு இருந்துச்சு, அவ பாவாடை முழுக்க நனைஞ்சு போயிருந்துச்சு, அவ அதைக்கூடக் கண்டுக்காம செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் குனிஞ்சு ஒரு கை அள்ளிக் குடிச்சேன். உப்பு இல்லை. இளநி மாதிரி இருந்துச்சு. பஞ்சவர்ணத்தைப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா, வஞ்சதெல்லாம் அந்த இடத்துலயே மறந்து போச்சு. குடம் எங்கடின்னு கேட்டேன்.

அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள தெருவே பஞ்சவர்ணம் வாசல்ல நின்னுச்சு. விரிசலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, சூடம் காட்டினோம். அதுக்குப் பிறகு அஞ்சாறு நாள்ல சுகாதார இன்ஸ்பெக்டர் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு பாட்டில்ல தண்ணியை வாங்கிட்டுப் போயி, குடிக்க உகந்ததுன்னு எழுதிக் குடுத்து, எங்களுக்கும் ரெண்டு கேன் பிடிச்சுக் குடுங்கம்மான்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. வி.ஏ.ஓ. வந்து, வீட்டுக்குள்ள வந்தாலும் நிலத்தடி நீர் அரசாங்கத்துக்குச் சொந்தம்னு ஆரம்பிச்சாரு, நான் ஒரு செம்பு தண்ணி நீட்டினேன், குடிச்சுட்டு ஒண்ணும் பேசாமப் போனாரு. அப்புறம் வேல்மயில் வீட்டுலயும் வந்துச்சு, அவன் பி.காம். படிக்கிறவன், மொட்டைமாடிப் படிக்குக் கீழ உக்காந்து உக்காந்து அங்க வந்துச்சு. இன்னும் மூணு வீட்டுல சின்னதா கசிஞ்சுச்சு. எல்லாம் காலேஜுப் பிள்ளைக இருந்த வீடு. படிச்ச பிள்ளை உக்காந்தா தண்ணி வரும்னு தெருவுல பேசிக்கிட்டோம், பள்ளிக்கூடத்தோட நிறுத்தின பிள்ளைகளை அவுக அம்மாமாரு அன்னைக்கே படிக்க வச்சிருக்கலாமேன்னு பெருமூச்சு விட்டாளுக.

ஆனா ஜோதிகிட்ட வந்தது மாதிரி எவர்கிட்டயும் வரலை. முதல் வாரம் பன்னெண்டு குடம், அடுத்த வாரம் இருபது, சித்திரை முடியறதுக்குள்ள நாப்பது குடம். அவ உக்காந்தா ஏறும், எந்திரிச்சா இறங்கும். அதனால நாங்க அவளை எந்திரிக்க விடலை. சொல்லவே வாய் கூசுது, ஆனா நடந்தது அதுதான். உக்கார ஒருத்தி மணை குடுத்தா, ஒருத்தி சேமியாப் பாயாசம் வச்சுக் குடுத்தா, ஒருத்தி தலை பின்னிவிட்டா, "எந்திரிக்காதத்தா, இன்னும் நாலு குடம்தான், ஒனக்குப் புண்ணியமாப் போகும்"னு ஆளாளுக்குக் கன்னத்தை வழிச்சு முத்தினோம். அவ பாயாசத்தைத் தொடலை. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சு. கேட்டா "பசிக்கலை அத்தை"ன்னு சொல்லுவா, அவ்வளவுதான், அதுக்கு மேல நானும் கேக்கலை. எனக்குப் பின்னால பதினாலு குடம் காத்துக்கிட்டு இருந்துச்சு, நான் அதைத்தான் பாத்தேன்.

வைகாசியில வேல்மயில் வீட்டு ஊத்து வத்திப் போச்சு. ஒரே மத்தியானத்துல. என்னடா விசயம்னு பாத்தா, அவன் காலேஜுல மங்கையர்க்கரசி மேடம்னு ஒருத்தவங்க இருக்காங்களாம், எங்க தெருப் பிள்ளைக அஞ்சும் அதே காலேஜுதான், பிள்ளைக மனசு சரியில்லைன்னா பேசுறதுக்குன்னே இருக்குற மேடமாம். ரெண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு அந்த ஒரே மேடம். செவ்வாயும் வெள்ளியும் மூணு மணிக்கு மேல, பேரு குடுத்த பிள்ளைகளை வரிசையா அவங்க வீட்டுல இருந்தே கூப்பிடுவாங்களாம், ஆளுக்கு இருபது நிமிசம். வேல்மயில் மாடிப்படிக்குக் கீழ உக்காந்து பேசியிருக்கான், ஏங்கி ஏங்கி அழுதிருக்கான், அவன் அழ அழத் தண்ணி இறங்கியிருக்கு, பேசி முடிச்சப்ப தரை காய்ஞ்சு வெடிப்பு மட்டும் கெடந்துச்சாம். வெளிய வந்தவன் ரெண்டு தட்டுச் சோறு தின்னுட்டுத் தம்பியோட கேரம் போர்டு ஆட உக்காந்துட்டான்.

அவன் அம்மா ஒப்பாரி வைக்காத குறை. "நல்லா வந்த தண்ணியை அந்த மேடம் நிறுத்திப்புட்டாளே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டா. பிள்ளை சோறு தின்னதை அவ சொல்லவே இல்லை, நான்தான் பின்னாடி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

தகரத்துக்குப் பக்கத்துல கூடினோம். ஐப்பசியில மழை விழுற வரைக்கும், பாக்கி இருக்குற வீட்டுல அந்த மேடம் போனை எந்தப் பிள்ளையும் எடுக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. ஜோதி பேரு குடுத்திருக்காளான்னு முகிலன்கிட்ட விசாரிச்சோம். குடுத்திருக்கா, மெசேஜே வந்திருக்கு. மூணு தடவை கூப்பிடுவாங்களாம், மூணு தடவையும் எடுக்கலைன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துருவாங்களாம், பின்னாடி அத்தனை பேரு காத்துக் கெடக்குறாங்களாம். பஞ்சவர்ணத்துக்குத் தண்ணியை விடப் பெரிய பயம் இன்னொண்ணு இருந்துச்சு.

"மதினி, மனசு சரியில்லைன்னு எம் மக போன்ல பேசினது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? கிறுக்குன்னு பேரு கட்டிருவாங்களே."

"போனை ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் என்கிட்ட குடு. கண்ணு கெட்டுப் போகுது, கொஞ்ச நேரம் போனைத் தொடாம இருன்னு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

யோசனை என்னோடதுதான். வேற எவ மேலயும் பழியைப் போடப் போறதில்லை.

முதல் செவ்வாய் போன் அடிச்சுச்சு. என் மடியில கெடந்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுச்சு. விட்டுப்போன அழைப்பை எப்படி அழிக்கிறதுன்னு திருப்பூர்ல இருக்குற என் வீட்டுக்காரர்கிட்ட ஏற்கெனவே கேட்டுக் கத்து வச்சிருந்தேன். எதுக்குடி கேக்குறன்னாரு, சும்மான்னேன். நாலு மணிக்கு ஜோதி ஈரப் பாவாடையோட என் வாசல்ல வந்து நின்னா. "எனக்கு யாராச்சும் கூப்பிட்டாங்களா அத்தை?" அத்தனை நாள்ல அவளா எந்திரிச்சு வந்தது அன்னைக்குத்தான். "இல்லத்தா, டவர் இல்ல போல"ன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனா. அன்னைக்கு நாப்பத்தஞ்சு குடம் கிடைச்சுச்சு. வெள்ளிக்கிழமை மறுபடி அடிச்சுச்சு, மறுபடி ஓய்ஞ்சுச்சு, மறுபடி வந்து நின்னா, மறுபடியும் அதையே சொன்னேன். அன்னைக்குத் தண்ணி வாசப்படி தாண்டித் தெருவுல வழிஞ்சு ஓடுச்சு, சின்னப் பிள்ளைக அதுல காகிதக் கப்பல் விட்டுச்சுக, நாங்கள்லாம் பாத்துச் சிரிச்சோம்.

அடுத்த செவ்வாய் மத்தியானம், ரெண்டரை மணி இருக்கும். வெளிய பஞ்சவர்ணம் வாசல்ல குடம் வரிசையா நிக்குது, நான் என் வீட்டுக்குள்ள பொதுச்செவுத்துல சாஞ்சு உக்காந்து, போனை மடியில வச்சுக்கிட்டு, புளிக்குக் கொட்டை எடுத்துக்கிட்டு இருக்கேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் ஜோதி குரல் கேக்குது.

"ஹலோ மேடம். நான் நாகஜோதி பேசுறேன். செகண்ட் இயர் மேத்ஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போன் என் மடியில கெடக்கு, இவ யாருகிட்டப் பேசுறா? கொஞ்சம் நிறுத்திட்டு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா. "வணக்கம் மேடம். நான் நாகஜோதி. சீக்கிரம் சொல்லிர்றேன் மேடம்." அப்பத்தான் புரிஞ்சுச்சு. இருபது நிமிசம்தான் குடுப்பாங்கன்னு, அந்த இருபது நிமிசத்துக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும்னு, வெறுங்கையைக் காதுல வச்சுக்கிட்டுச் சொல்லிப் பாக்குறா. எத்தனை நாளாச் சொல்லிப் பாத்தாளோ, எனக்குத் தெரியாது.

"என் ரூம்மேட் பெனிட்டா மேடம். வேம்பார் ஊர்ப் பொண்ணு. குறட்டை விடுவா. அவளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க, உள்ள யாரையும் விடலை, தனியா இருந்தா. ஒருநாள் மத்தியானம் எனக்குப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா. போன் தம்பிகிட்ட இருந்துச்சு. அவனுக்குப் பரீட்சை, சத்தத்தை அமத்தி வச்சிருந்தான். நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன் மேடம். சும்மா வெங்காயம்தான் உரிச்சுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் பாத்துட்டு நான் கூப்பிட்டேன், எடுக்கலை. மறுநாள் கிளாஸ் குரூப்புல அவ போட்டோ வந்துச்சு. அறுபத்திரண்டு பேரு கைகூப்புற படம் போட்டாங்க. அதுக்கு அடுத்த மெசேஜ் அசைன்மென்ட் தேதி."

தண்ணி வர்ற சத்தம் மட்டும் செவுத்துக்கு அடியில கேட்டுச்சு.

"அவ என்ன சொல்லக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியணும் மேடம். எங்க ஊர் ஊத்தை அவ நம்பவே மாட்டா. மணலுக்குள்ள எப்படிடி நல்ல தண்ணி இருக்கும்னு சிரிப்பா. லீவுக்கு வர்றேன், எனக்கும் ஒரு குடம் வரிசையில போட்டு வைன்னு சொன்னா. இங்க எல்லாரும் என்கிட்ட அன்பாத்தான் இருக்காங்க மேடம். பாயாசம் எல்லாம் தர்றாங்க. ஆனா என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கலை."

என் கையில இருந்த புளி எங்க விழுந்துச்சுன்னு தெரியலை. ரெண்டு மாசமா நான் குடிச்ச தண்ணி, சோறு வடிச்ச தண்ணி, என் சாமி படத்துக்கு முன்னால செம்புல வச்ச தண்ணி, எல்லாம் என்ன தண்ணின்னு அப்பத்தான் என் மரமண்டைக்கு உறைச்சுச்சு. பதினோரு தடவை அடிச்ச போனை எடுக்காததுக்கு அந்தப் பிள்ளை இப்படி உருகி ஓடுது. வேணும்னே ரெண்டு தடவை எடுக்காதவ நான், இந்தப் பக்கம் செவுத்துல சாஞ்சு புளி உடைக்கிறேன்.

மூணு மணி. மடியில போன் அடிச்சுச்சு.

எந்திரிச்சு ஓடினேன். என் வாசலுக்கும் பஞ்சவர்ணம் வாசலுக்கும் நடுவுல எட்டே எட்டு எட்டுதான், அது முழுக்கக் குடமும் பொம்பளைகளும். கையில போன் அடிக்கிறதைப் பாத்ததும் எல்லாருக்கும் வெளங்கிருச்சு. "ராக்கு, அமத்து! ஏய் ராக்கு, அமத்துடி!" வேல்மயில் அம்மா என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. ரெண்டு குடம் உருண்டு தண்ணி கொட்டிச்சு. நான் உள்ள போயி, ஊத்துத் தண்ணியிலயே மண்டி போட்டு உக்காந்து, போனை ஜோதி கையில குடுத்தேன். அவ அதை வாங்கி வெறுமனே பாத்துக்கிட்டு இருந்தா. பச்சைப் பொத்தானைத் தேச்சுவிட்டதும் நான்தான்.

"ஹலோ மேடம்"னா. அவ்வளவு நேரம் சொல்லிப் பாத்த ஒண்ணும் வாயில வரலை. "மேடம், மேடம்"னு அழ ஆரம்பிச்சா. நான் கதவைச் சாத்திட்டு வெளிய வந்து வாசப்படியில உக்காந்தேன்.

சும்மா விடுவாளுகளா? ஒன் வீட்டுக்கு மட்டும் தண்ணி வேண்டாமா, ஒன் புருசன் வந்து சுமக்கப் போறானா, கிழவிகளும் பச்சைப் பிள்ளைகளும் இருக்குற தெருவாச்சேன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாளுக. எதுவும் பொய் இல்லை, எல்லாம் நியாயம்தான். பஞ்சவர்ணம் மட்டும் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, கதவுக்கு உள்ள மக அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னா.

"வரிசை பாக்குறவ நான்"னேன். "இன்னைக்கு முறை அவளோடது. யாரும் குறுக்க வராதீங்க."

இருபது நிமிசம்னு சொன்ன மேடம் ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. முகம் தெரியாத மகராசி, அவங்களுக்குப் பின்னால எத்தனை பேரு காத்துக் கெடந்தாங்களோ. வாசப்படி வழியா ஓடிக்கிட்டு இருந்த தண்ணி நூலா மெலிஞ்சுச்சு, அப்புறம் சொட்டுச் சொட்டா வந்துச்சு. கதவைத் திறந்துக்கிட்டு ஜோதி வந்தா. மூஞ்சி வீங்கிப் போயிருந்துச்சு. தெருவே அவளைப் பாக்குது, அவ என்னைப் பாத்துக் கேட்டா.

"அத்தை, ஒங்க வீட்டுல ஊறுகா இருக்கா?"

பஞ்சவர்ணம் அப்படியே தரையில உக்காந்து சத்தம் போட்டு அழுதுட்டா. அந்தப் பிள்ளை வாயைத் திறந்து திங்கக் கேட்டு அம்புட்டு நாளாச்சு.

வேல்மயிலுக்கு மாதிரி ஒரே நாள்ல தீரலை. மறுநாள் மறுபடி ஊறுச்சு, ஆனா பத்துக் குடம்தான். அதுக்கப்புறம் ஏழு வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டாங்க, ஏழு தடவையும் நான் வாசப்படியில உக்காந்தேன், ஏழு தடவையும் வரிசை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மத்த மூணு வீட்டுப் பிள்ளைகளையும் அவுக அம்மாமாரே, வெக்கப்பட்டுக்கிட்டே, மேடம்கிட்டப் பேச விட்டாளுக. வேல்மயில் அம்மா மட்டும் என்கூடப் பேசுறதையே விட்டுட்டா. ஏழாவது வெள்ளிக்கிழமை விரிசல் காய்ஞ்சுச்சு, பஞ்சவர்ணம் ஒரு கரண்டி சிமிட்டியைக் குழைச்சுப் பூசினா. அந்த ஆடி மாசத்துல தகரத்தையும் எடுத்துட்டாங்க. நாங்க பழையபடி இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு ஆத்துக்கு நடந்தோம், பழையபடி மணலைத் தோண்டினோம், முதுகு பழையபடி வலிச்சுச்சு. வீட்டுக்குள்ள வந்த தண்ணி ருசியை ஒருத்தியும் பேச்சுக்குக்கூட எடுக்கலை.

அதுக்கப்புறம் ஒருநாள் காலையில ஜோதியும் ஆத்துக்கு வந்தா, கொஞ்சம் சதை பிடிச்சிருந்தா. ரெண்டு குடம் கொண்டு வந்தா, ஒண்ணு அவுக வீட்டு எவர்சில்வர்க் குடம், இன்னொண்ணு புதுசா வாங்கின நீலப் பிளாஸ்டிக் குடம். வரிசையில வச்சுட்டு எனக்குப் பக்கத்துல மணல்ல வந்து உக்காந்தா. அவ உக்காந்த இடம் காய்ஞ்சே இருந்துச்சு, நான் பாத்தேன். இதுக்கு மேல மனசுல வச்சிருந்தா நான் செத்துப் போயிருவேன்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

"ஆத்தா, மேடம் அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. போன் என் மடியிலதான் கெடந்துச்சு. நான் எடுக்கலை. அழிச்சுப்புட்டேன். ஒன்கிட்ட டவர் இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவ ஒரு கை மணலை அள்ளி மறு கையில ஒழுக விட்டுக்கிட்டு இருந்தா.

"தெரியும் அத்தை. மேடம் அன்னைக்கே சொன்னாங்க, ரெண்டு தடவை கூப்பிட்டேனேம்மான்னு."

"தெரிஞ்சா ஏன்டி என்னை ஒரு வார்த்தை கேக்கலை? நாலு வசவு வஞ்சிருக்கலாமே."

"நானும் ஒருத்திக்கு எடுக்கலையே அத்தை."

"நீ தெரியாம விட்டுட்ட. நான் தெரிஞ்சே செஞ்சேன்."

"ஆமா"ன்னா. மணலைத் தட்டிவிட்டா. "ஆனா நீங்க மூணாவது தடவை எடுத்தீங்க. எனக்கு அப்படி இன்னொரு தடவை கிடைக்காது."

அழலை அவ. நான்தான் அழுதேன், வரிசையில நின்ன அத்தனை பேரும் பாக்க, ராக்கு அழுதா.

வரிசை நகந்துச்சு. எவர்சில்வர்க் குடம் நிறைஞ்சுச்சு, ஜோதி அதைத் தூக்கித் தள்ளி வச்சுட்டு, கரையில ஏறி, வடக்க மதுரை பஸ்சு போற ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னா. காலேஜு திறக்கப் போறாங்கன்னு அப்பப் பேச்சு இருந்துச்சு. அடுத்தது நீலக் குடம். வேல்மயில் அம்மா, என்கூடப் பேசாதவ, அன்னைக்குத்தான் வாயைத் திறந்தா.

"இது யாரு குடம்?"

"வேம்பாருல இருந்து ஒரு பொண்ணோடது"ன்னேன்.

"ஆளு எங்க? முறை வரும்போது ஆளு இல்லைன்னா கடைசிக்குத் தள்ளணும், நீ போட்ட சட்டம்தானே ராக்கு?"

கரையில ஜோதி திரும்பலை, ஆனா அவ முதுகு விறைச்சுக்கிட்டதை நான் பாத்தேன். அன்னையில இருந்து இன்னைய வரைக்கும் அந்தக் குடம் வரிசையில வருது. ஜோதி மதுரைக்குப் படிக்கப் போன பிறகும் பஞ்சவர்ணம் கொண்டுவந்து வைக்கிறா. யாரும் வந்து நிக்கிறதில்லை, யாரும் இப்ப கேக்குறதும் இல்லை.

"நான் போட்ட சட்டம்தான்"னு அன்னைக்கு அவகிட்டச் சொல்லிட்டு, சிரட்டையை எடுத்துக்கிட்டு ஊத்துக்குள்ள இறங்கி, நீலக் குடத்தைக் கிட்ட இழுத்து, கலங்காம அள்ளி ஊத்த ஆரம்பிச்சேன்.